ரூல்ஸ் அங்கிளும் போல்கா ஓட்டுப்பெட்டியும்

உலகத்தில் நேர்மையாகத் தேர்தல் நடத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எந்தத் தேர்தல் கமிஷனிலும் இல்லை. மெல்பர்னில், நோபல் பார்க்கில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டின் பின்னால் இருந்த சின்ன யூனிட்டில் நானும் என் கணவரும் சில வருஷம் வாடகைக்கு இருந்தோம். அதனால் இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர். டாண்டினாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. ரூல்ஸ் அங்கிள் என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். குப்பைத் தொட்டியின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், துணி காயப்போடும் கொடியில் யாருடைய பாதி எது, மழை வந்தால் அடுத்தவர் துணியை எடுக்கலாமா கூடாதா, எடுத்தால் மடிக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விதி இருந்தது. (எடுக்கலாம். மடிக்கக் கூடாது. "அது அந்தரங்கம், பிள்ளை.")

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. புட்டா இடியப்பமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம், ஓட்டுப்பெட்டியாக ஒரு மைலோ டின். ஓட்டுப் போட்டு, எண்ணி, முடிவை அறிவித்துவிட்டு அங்கிள் சமையலறைப் பக்கம் திரும்பினால், அவருடைய மனைவி ராணி அன்ரி தனக்குப் பிடித்ததை ஏற்கனவே அவித்து இறக்கியிருப்பார்.

"இந்த மனுசன் எண்ணிக்கொண்டு இருக்கட்டும். எனக்குப் பசிக்குது. நீங்கள் வந்து இருங்கோ" என்பார் அன்ரி.

இவரிடம் போல்கா வந்து சேர்ந்த கதைக்கு வருகிறேன். போல்கா என்பது ஒரு துள்ளாட்ட இசை. அக்கார்டியன் என்கிற வாத்தியத்தை, ஏறத்தாழ ஒரு ஹார்மோனியத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டதுபோல மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. அந்தக் காலத்தில் ஸ்லோவேனியா, ஆஸ்திரியா பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்கள் மெல்பர்னைச் சுற்றி இதற்காகவே கிளப்புகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஃபிராங்க் அப்படி ஒரு ஸ்லோவேனியக்காரர். வயதானவர். தன் வயதுக்காரர்களையே சேர்த்து ஒரு போல்கா பாண்ட் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் இந்த கிளப்புகளெல்லாம் சேர்ந்து சிறந்த பாண்டுக்கு விருது கொடுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அது சண்டையில் முடியும்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஃபிராங்க் புலம்பினார். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். "எந்த கிளப்பில் விழா நடக்கிறதோ அந்த கிளப்பு பாண்டுதான் ஜெயிக்கிறது. பஸ்ஸில் ஆள் கொண்டுவருகிறார்கள். பாட்டே கேட்காமல் ஓட்டுப் போடுகிறார்கள். பெண்டாட்டிமார் பலகாரம் கொடுத்து ஓட்டு வாங்குகிறார்கள்."

ரூல்ஸ் அங்கிளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தமிழ்ச் சங்கத் தேர்தல்களில் நின்று, நின்ற பதவிக்கெல்லாம் தோற்று, தோற்ற விதங்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் அவர்.

என் பக்கம் திரும்பி, "பாத்தியளே பிள்ளை! எங்கட ஆக்கள் மட்டும்தான் இப்பிடி எண்டு இவ்வளவு நாளும் வெக்கப்பட்டனான்" என்றார்.

ஒரு வாரத்தில் ஃபிராங்க் அவரை விழாக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போனார். குழு கேட்டது ஒரே கேள்வி. "உங்களுக்கு எந்த பாண்டிலாவது சொந்தக்காரர் உண்டா?" அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் மச்சானோ மருமகனோ ஏதாவது ஒரு பாண்டில் இருந்தார். இவருக்கு மட்டும்தான் யாரும் இல்லை. அந்த நிமிஷமே தேர்தல் அதிகாரி ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த கிளப்புகள் பட்ட பாட்டை அவர்களிடமே கேட்க வேண்டும். முதல் விதி: எல்லா பாண்டையும் முழுக்கக் கேட்டவருக்குத்தான் ஓட்டு. பாட்டு ஓடும்போது வெளியே போனால் ஓட்டு போச்சு. முதல் வருஷமே ஒரு பாட்டியம்மா கழிவறைக்குப் போய்விட்டு வந்தார், வாசலில் அங்கிள் மறித்தார். பாட்டியம்மா கைத்தடியை ஓங்கிவிட்டார். அங்கிள் யோசித்து, அடுத்த வருஷம் கழிவறை வாசலில் ஒரு ஒலிபெருக்கி வைத்தார். உள்ளே இருந்தாலும் கேட்டதாகக் கணக்கு.

அடுத்த விதி: ஓட்டு முடியும்வரை பாண்டுக்காரர் வீட்டார் யாருக்கும் தின்பண்டம் தரக் கூடாது. ஆப்பிள் வைத்துச் சுருட்டிச் சுட்ட பலகாரம் ஒரு தட்டு நிறைய வந்தபோது, அதைப் பறிமுதல் செய்து மேடைக்குப் பின்னால் பூட்டினார்.

"அங்கிள், இனிப்புக்குப் போய் இவ்வளவு கெடுபிடியா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. எங்கட சங்கத் தலைவர் மட்டன் ரோல்ஸால வந்தவர்."

பாண்டில் இருப்பவர் தன் பாண்டுக்கே ஓட்டுப் போடக் கூடாது என்று இன்னொரு விதி. விருதுக்காகவே கடைசி வாரத்தில் மாமன் மச்சானைச் சேர்த்து பாண்ட் தொடங்குவதைத் தடுக்க ஒரு விதி: விழாவுக்கு முன் அந்த வருஷத்தில் மூன்று முறையாவது பொதுமக்கள் முன்னால் வாசித்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் திட்டினார்கள். ஆனால் இவர் வந்த பிறகு பெரிய கிளப்பு பாண்ட் தோற்றது, பெயர் தெரியாத பாண்ட் ஜெயித்தது. யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இவருக்கு வாழ்த்து அட்டைகள் வர ஆரம்பித்தன.

சிக்கல் போன வருஷம் வந்தது. ஃபிராங்கின் விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டே போயின. இனி வாசிக்க வேண்டாம், இந்த விழாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய பாண்ட் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் குளிர்காலம் முழுக்க பாண்டில் இருந்தவர்கள் முழங்கால் ஆபரேஷனும் ஆஸ்பத்திரியுமாக இருந்துவிட்டதால், அந்த வருஷம் இரண்டு முறைதான் வாசித்திருந்தார்கள்.

குழு பெருந்தன்மையாகச் சொன்னது: "நம் ஃபிராங்க்தானே, விட்டுவிடலாம்."

"ஏலாது" என்றார் ரூல்ஸ் அங்கிள். முடியாது என்று ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அது "ஏலாது" போலத்தான் ஒலித்ததாம்.

வீட்டில் ராணி அன்ரி பொரிந்து தள்ளிவிட்டார். "எனக்குப் பிள்ளை பிறக்க நோ வந்த நேரம் நீங்கள் நைட் ஷிஃப்டில நிண்டனீங்கள். ஆர் என்னைக் காரில ஏத்திக்கொண்டு போனது? உங்கட ரூல்ஸோ? அந்த மனுசன்! உங்களுக்குக் கார் ஓட்டப் பழக்கினது ஆர்? அந்த மனுசன்!"

அங்கிள் எழுந்தார். தோட்டத்தில் போய் நின்றார். அந்தப் பக்கம் ஃபிராங்க் தன் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இருவரும் வேலிக்கு மேலே பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனிதனைவிட விதி பெரிதா என்று நேரே போய்க் கேட்டேன்.

"பிள்ளை, போன வருஷம் இதே ரூலுக்கு ஒரு பெடியன்ர பாண்டை வெளியில விட்டனான். அவன் அழுதவன். அவனுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. அதாலதான் அவன் அழுதவன் எண்டு ஆகக் கூடாது."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரே எங்கள் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் துள்ளல். "ரூலில பொதுமக்கள் எண்டுதான் கிடக்கு. எந்தப் பொதுமக்கள் எண்டு இல்லை. விழாவுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. வெளிக்கிடுங்கோ."

அந்த ஞாயிறு ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிக்கு நிதி திரட்ட மத்தியானச் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வரலாம். அதை நடத்துகிற பெண்ணிடம் போய் நின்றோம்.

"பாட்டுக் கச்சேரியோ? செய்யுங்கோ அங்கிள். ஆர், எங்கட பிள்ளையளோ?" என்றார் அவர்.

"பிள்ளையள் இல்லை, கிழவங்கள். ஸ்லோவேனியாக் கிழவங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அதற்கு முன்பே அங்கிள் போட்டியில் இருந்த எல்லா பாண்டுக்கும் ஃபோன் போட்டு, மூன்று முறைக் கணக்குக் குறைகிறவர்கள் யாராக இருந்தாலும் அங்கே வந்து வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தார். மற்ற யாருக்கும் குறையவில்லை. அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூ வேலை செய்த கையில்லாத கோட்டும், இறகு குத்திய தொப்பியுமாகக் கிழவர்கள் மேடையேறினார்கள். கொத்துரொட்டித் தட்டோடு நின்ற கூட்டம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஃபிராங்க் அக்கார்டியனை விரித்தார். முதல் பாட்டுக்கு ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது பாட்டில், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கட பைலா மாதிரித்தானே கிடக்கு" என்றபடி நடுவில் வந்தார். அவ்வளவுதான். இலங்கைக்காரர்களின் காலில் பைலா என்கிற அவர்கள் ஊர் ஆட்டப்பாட்டின் துள்ளல் எப்போதும் தயாராக இருக்கிறது. அன்ரிமார், அங்கிள்மார், ஃபோனை விட்டு நிமிராத பிள்ளைகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். "ஒன்ஸ் மோர், அங்கிள்!" என்று ஃபிராங்கைப் பார்த்துக் கத்தினார்கள். அவருக்கு விரல் வலித்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வாசலோரம் சுவரோடு ஒட்டி நின்ற ரூல்ஸ் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

விழா அடுத்த ஞாயிறு பிற்பகல். எல்லா பாண்டும் வாசித்து முடித்ததும் ஓட்டுக்கு முன்னால் அங்கிள் மைக்கைப் பிடித்தார். "ஒரு ஆட்சேபணை இருக்கிறது. தேர்தல் அதிகாரி ஒரு போட்டியாளருக்காக ஒரு வாரம் ஓடித் திரிந்திருக்கிறார். அவருடைய கையில் பெட்டி இருக்கக் கூடாது."

கூடம் குழம்பியது. குழுத் தலைவர் கேட்டார்: "ஆட்சேபிப்பது யார்?"

"நான்தான்."

"யார்மேல்?"

"என்மேல்தான்."

பெட்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அந்தக் கூடத்தில் எந்த பாண்டும் எனக்கு உறவில்லை. எந்த பாண்ட் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான் என்பது அவருடைய நினைப்பு. அவரே எழுதிய விதிப்படி எல்லா பாண்டையும் முழுக்கக் கேட்டிருந்ததால், பிறகு வரிசையில் போய் நின்று, ஒரு சாதாரண ஆளாக ஓட்டுப் போட்டார்.

நான் எண்ணினேன். ஜீலாங்கிலிருந்து வந்த இளவட்டங்களின் பாண்ட் ஏகமாக ஜெயித்தது. அதுதான் நியாயமும். அன்றைக்கு அவர்கள் வாசித்த வாசிப்பு அப்படி. ஃபிராங்குக்கு விழுந்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டன. முடிவைக் கேட்டதும் ஃபிராங்க்தான் முதலில் எழுந்து போய் அந்தப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார். பிறகு தன் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்து மெதுவாக மூடினார்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன், அங்கிள் பக்கத்தில் இருந்தார். நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"நீங்க யாருக்கு அங்கிள் போட்டீங்க?"

"வோட்டு ரகசியம், பிள்ளை."

டாண்டினாங் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவராகவே ஆரம்பித்தார்.

"நல்லா வாசிச்சது அந்தப் பெடியள்தான். அதில கதைக்க ஒண்டுமில்லை. நான் போட்டது ஃபிராங்குக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அங்கிள், நீங்களா இப்படி?"

"ஓம். அதுக்குத்தானே விலகினனான். எண்ணுறவருக்கு ஆரையும் பிடிச்சிருக்கக் கூடாது. போடுறவருக்குப் பிடிச்சிருக்கலாம், பிள்ளை. அதுக்குத் தடை இல்லை."

பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பக்கத்தில் அவர் சீட் பெல்ட்டை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, தோற்றுப்போன சிநேகிதனுக்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஓட்டு எண்ணியவள் நான், எனக்கு யாரையும் பிடித்திருக்கக் கூடாது. ஆனால் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.