டியூப் அண்ணாத்தேயின் தக்காளி முகம்

1. அண்ணாத்தேயின் இடுப்பில் படர்தாமரை வந்தது.
2. டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கலில் ஒரு களிம்பு டியூப் வாங்கித் தடவினார். இரண்டே நாளில் அரிப்பு போனது.
3. திரும்பி வந்தது. தடவினார். போனது. இன்னும் பெரிதாக வந்தது.
4. பளபளப்புக்காகக் கன்னத்திலும் தடவினார்.

அதன் பிறகு நசரத்பேட்டையிலிருந்து அம்பத்தூர் வரை அந்த டியூப் படாத தோலே கிடையாது. அண்ணாத்தே எங்கள் கம்பெனி வேன் டிரைவர். பரு, கொசுக்கடி, செருப்புக்கடி எதுவானாலும் சிக்னலில் வண்டி நின்றதும் பின் சீட்டுக்கு டியூப் வரும். என்னோடு வேலை பார்க்கும் ரேவதியின் கையில் பேனா மை கொட்டியபோதுகூட, "தட்வு கண்ணு, போய்டும்" என்றார்.

நான் தரம் பார்க்கும் இன்ஜினியர். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அது இன்னும் சரியாகவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன்.

"இன்னாம்மா நீ! மாசாமாசம் கொணமாக்குது. எந்த மருந்து இத்தினி வாட்டி கொணமாக்கும்?"



வெயில் பட்டாலே கன்னம் எரிந்தபோதுதான் தோல் டாக்டரிடம் போனார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அமுக்கிட்டு படையை வளர்க்கும், தோலை மெலிசாக்கும். நிறுத்துங்க, படைக்கு வேற மருந்து எழுதித் தரேன். முகம் கொஞ்ச நாள் இன்னும் மோசமாகித்தான் அடங்கும்" என்றார் டாக்டரம்மா. மறுநாளே வேனில் டியூப் தடவிய அத்தனை பேரையும் மிரட்டி அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினார் அண்ணாத்தே.

அந்தக் கொஞ்ச நாளில்தான் மாங்காட்டில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று அவருக்குச் சோறே இறங்கவில்லை.

"ரெண்டு நாள் மட்டும் தடவிக்கோங்கண்ணே" என்றாள் ரேவதி.

"உங்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு நான் தட்விக்கினா நல்லாவா கீது?"

நிச்சயத்தன்று தக்காளி முகத்தோடு வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். சம்பந்தியம்மா நின்றார்.

"இன்னாங்க மூஞ்சி இப்டி கீது?"

"டியூப் போட்டு வந்ததுங்க. நிறுத்திட்டேன்."

அந்த அம்மா இருபுறமும் பார்த்துவிட்டு, கழுத்தை மூடியிருந்த முந்தானையை மெல்ல விலக்கினார். "எனக்கும் கீதுங்க. எந்த டாக்டரு?"

தட்டு மாற்ற ஐயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்திகள் இருவரும் படை நிலவரம் பேசி முடிக்கவில்லை.

இப்போது அண்ணாத்தேயின் இடுப்பில் படை இல்லை. கன்னத்துச் சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. எங்கள் வழிக்குக் கம்பெனி ஒரு ஏசி வண்டியும் விட்டிருக்கிறது. அண்ணாத்தேயின் வேனை விட்டுவிட்டு அதில் ஏறத்தான் ஆளில்லை.