முப்பத்திரண்டு சந்தனப் பொட்டு

பாட்டுப் பதியும் கொன்சோலின் முப்பத்திரண்டு தள்ளு குமிழ்களில் ஒன்றுகூட அசையவில்லை. சரவணையில் ஒலிப்பதிவுக்கூடம் திறந்திருக்கும் குலசிங்கம் பெருவிரலால் தள்ளித் தள்ளி வேர்த்துப் போனார். முந்தநாள் பூசைக்கு வந்த குமாரசுவாமி ஐயர் ஒவ்வொரு குமிழின் அடியிலும் சந்தனம் அப்பியிருந்தார். "ஒண்டையும் விட்டிடாதேங்கோ ஐயா" என்று பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்த புத்திசாலி குலசிங்கம்தான்.

எழுபதுகளில் லண்டனில் பெரிய பெரிய பாட்டுக்காரரைப் பதிந்த கொன்சோலாம். கட்டில் அகலம், ஆறுபேர் தூக்கும் பாரம். சுவரை இடித்து உள்ளே ஏற்றிவிட்டு, மறுபடியும் சுவரைக் கட்டியிருந்தார்.

"அந்த நாளையிலை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குமிழ். குரல் இதுக்குள்ளாலை போய் வந்தால்தான் பதமாகும். லப்டொப்பிலை பதியிறதெல்லாம் தகரச் சத்தம்" என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் வகுப்பெடுத்தார். தகரம் என்றது மண்கும்பான் நிமலனை. அவன் ஒரு லப்டொப்பை வைத்துக்கொண்டு தீவகத்துப் பாட்டையெல்லாம் பதிந்து தள்ளினான். குலசிங்கத்தின் கூடத்துக்கு ஈ, காக்கைகூட வரவில்லை.

இப்போதுதான் முதல் ஆள் வருகிறாள். ரொறொன்ரோப் பாடகி நிருஜா, கொன்சோலின் படத்தை முகநூலில் பார்த்துவிட்டு, நயினாதீவு அம்மன் பாட்டுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தாள். இது பிழைத்தால் நிமலனின் முகத்தில் முழிக்க ஏலாது.

"ஈரத்துணியாலை துடையுங்கோவன், இளகும்" என்றாள் மனைவி மீனலோசனி.

துடைத்தார். சந்தனம் கரைந்து உள்ளே இறங்கியது. சுவிச்சைப் போட்டால் மாடு கத்துவதுபோல் இரைச்சல்.

ஊர்காவற்றுறையிலிருந்து யாக்கோப்பு வந்தார். வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர்.

"கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் சரி அண்ணை."

"பாத்து விடும். உது லண்டன் சாமான்."

"லண்டன் அழுக்கெண்டாலும் அழுக்குத்தானே."

குமிழ்கள் இளகின. இளகி, யாக்கோப்பின் கையோடு கழன்று வந்தன. சுவிச்சைப் போட்டதும் குப்பென்று புகை கிளம்பியது. இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது.

"இனி என்ன செய்யிறது?"

"இனி இதிலை பாத்திரம் அடுக்கலாம்."

குலசிங்கம் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மண்கும்பானுக்குப் போனார்.

"தம்பி, உம்மடை லப்டொப்பை ஒருநாளைக்குத் தாரும்."

"தகரச் சத்தம் வருமே அண்ணை, பரவாயில்லையோ?" என்றான் நிமலன்.

"ஓம், வரட்டும்."

லப்டொப் வந்துவிட்டது. ஆனால் செத்த கொன்சோலை நிருஜா பார்க்கக்கூடாதே. அதுவோ கதவால் போகாது. புதுச்சுவரை இன்னொருதரம் இடிக்க மீனலோசனி விடவில்லை. யாக்கோப்பு இரும்பு வெட்டும் கிறைண்டரால் அதை நாலாக அறுத்தார். வியாழன் பின்னேரம் பழைய இரும்புக்காரனின் லொறியில் லண்டனின் புகழ் ஊரைவிட்டுப் போனது.

வெள்ளி காலை நிருஜா பட்டுச்சேலையும் ஒப்பனையுமாக வந்து, வெறும் அறையைப் பார்த்துத் திகைத்து நின்றாள். கூடவே கணவன் ஹரிஷன், தோளில் பெரிய கமெராவோடு.

"கொன்சோலை சேர்விசுக்கு லண்டனுக்கு அனுப்பிப் போட்டன் பிள்ளை" என்று குலசிங்கம் கூசாமல் சொன்னார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. லப்டொப்பிலை இன்னும் சுத்தமாய்ப் பதியலாம்."

ஹரிஷன் கமெராவைக் கீழே இறக்கினான்.

"பாட்டைப் போன மாசமே ரொறொன்ரோவிலை லப்டொப்பிலை பதிஞ்சு முடிச்சிட்டம் அங்கிள். அந்தக் கொன்சோலுக்கு முன்னாலை இவவை இருத்தி ஒரு படம் எடுக்கத்தான் வந்தனாங்கள்."