கண்ணீர் அஞ்சலியும் தண்ணீர் மோட்டாரும்

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். காலடிப்பேட்டையில், வாடகை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செத்த பிறகு நம்மைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்போது எனக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர் மாறியதில் சம்பளம் நின்றது. சம்பளம் நின்றதில் வாடகை நின்றது. வீட்டுக்காரர் துரைப்பாண்டி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மளிகைக் கடை வைத்திருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலி பண்ணிரணும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் என் மகள் ரேவதிக்குப் பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. புத்தகமும் பிள்ளையுமாக எங்கே போவது? என் மனைவி கலாவுக்குச் சோறே இறங்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான் (சோறு மட்டும் இறங்கியது).

அவசர உதவிக்குப் பாபுவிடம் ஓடினேன். எங்கள் தெருவில் வாடகைதாரர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவன்தான்.

"இன்னா மாமு, இதுக்குப் போயி பேஜாராவுற? தெருமுனைல உன் மூஞ்சியப் போட்டு ஒரு பேனர் வெப்போம். ஜனமே நாயம் கேக்கும். ஒரு போட்டோ குடு."

வீடு போகிற நேரத்திலும் எனக்கு அழகு முக்கியம். ஸ்டூடியோவில் கோட்டு சூட்டு ஒட்டவைத்த படத்தைக் கொடுத்தேன். பாபு அதைப் பேனர் கடைக்கு அனுப்பி, கூடவே வாட்ஸ்அப்பில் பேசியும் அனுப்பினான்: "அண்ணே, நம்ம செல்வத்துக்கு அர்ஜென்ட்டா ஒரு பேனர். குடும்பமே நடுத்தெருவுல நிக்குது. பாக்குறவன் கண்ணுல தண்ணி வரணும்."

இதைக் கேட்டுவிட்டு எந்தக் கடைக்காரர்தான் வேறு மாதிரி அடிப்பார்?

ஞாயிற்றுக்கிழமை காலை நான் உள்ளறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணாச்சியின் குரல். கதவிடுக்கில் பார்த்தால், கையில் ரோஜா மாலை.

"தெருமுனைல பேனரப் பாத்து அப்படியே ஓடியாறேன் தாயி. செல்வம் படத்தப் போட்டு, ரெண்டு குத்துவெளக்கு, கண்ணீர் அஞ்சலி... ஒரு ராத்திரில இப்படி ஆயிப்போச்சே!"

கலா ஒரு கணம் திகைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. (அது சிரிப்பு என்று இன்றுவரை சொல்கிறாள்.) அண்ணாச்சி அதை அழுகை என்றே எடுத்துக்கொண்டார்.

"காலி பண்ணுறதப் பத்தி இப்பம் யாரும் பேசப்பிடாது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். எழவு வீட்டப் பூட்டுனா எனக்குல்லா பாவம்."

முக்கியமான பரீட்சைகள் எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"தங்கமான மனுசன். ஒரே ஒரு கொறதான். தண்ணி மோட்டாரப் போட்டாருன்னா நிப்பாட்டவே மாட்டாரு."

"அது நான் இல்ல, மாடி வூட்டுக்காரன்!"

கத்தியது நான்தான். கத்திக்கொண்டே வெளியே வேறு வந்துவிட்டேன்.

மாலை கீழே விழுந்தது. அண்ணாச்சியும் விழப் பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கலா பார்த்த பார்வையில் நான் நிஜமாகவே செத்தேன். உள்ளே ரேவதி படிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பிள்ளையின் பரீட்சையை என் ரோஷத்துக்குக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

அண்ணாச்சி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கலாவிடம் மட்டும் பேசினார். "எழவு வீடுன்னு நெனச்சுச் சொன்ன வார்த்த. ஆனாலும் மாத்தப்பிடாது. பிள்ள பரீச்ச எழுதட்டும், தாயி." என்னிடம் திரும்பி, "நீரு மொதல்ல அந்த மோட்டார நிப்பாட்டும்வே" என்றார். மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பதினாறு நாளுக்குள் சம்பளம் வந்தது, பாக்கியும் தீர்ந்தது. அண்ணாச்சி தாராளமாக இருக்கச் சொன்னார். ஆனால் டீக்கடைக்குப் போனால் "தள்ளு தள்ளு, செத்தவரு வந்துகினு கீறாரு" என்று பெஞ்சில் இடம் விட ஆரம்பித்தார்கள். தாங்க முடியாமல் நானே காலி செய்துகொண்டு கொடுங்கையூருக்கு வந்துவிட்டேன்.

பேனர் இப்போது எங்கள் வாஷிங் மெஷினை மழையிலிருந்து காக்கிறது. ரேவதி வேலைக்குப் போய்விட்டாள். வருஷா வருஷம் அந்த நாள் வந்தால் தவறாமல் போன் செய்து, "அம்மா, இன்னிக்கு அப்பாவுக்கு நினைவு நாள். பாயசம் வெச்சியா?" என்று கேட்பாள்.

பால் வாங்கி வருவது நான்தான்.