லேப்டாப்புக்குப் பூ கேட்டது

"மாதவராஜ், உங்க ஸ்கிரீன் மறுபடியும் நின்னு போச்சு," என்றார் பெங்களூரிலிருந்து டீம் மேனேஜர் நிர்மலாதேவி.

தர்மபுரிக்குப் பக்கத்து இண்டூரில், வீட்டு அறையில் கேழ்வரகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதவராஜ் லேப்டாப்பின் முதுகில் தட்டினான். அது ரைஸ்மில் மாதிரி இரைந்ததே தவிர, அசையவில்லை. அவன் எழுதும் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்க ஏழெட்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும். இந்தக் கிழட்டுப் பெட்டியில் மூன்றாவது எழுவதற்குள் முதலாவது தூங்கிவிடும்.

"திங்கக்கிழமை கிளையண்ட்டுக்குக் காட்டணும். நல்ல மெஷினா வாங்கிக்குங்க, பணத்தைக் கம்பெனி குடுத்துடும். அன்னைக்கும் இப்படி நின்னா, உங்க இடத்துல வேற ஆளைத்தான் போடணும்."

வேலை போய்விடும் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

தர்மபுரிக் கடையில் இரண்டு லேப்டாப்புகளை மாதவராஜ் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். ஒன்று அப்பளம்போல மெலிசு, பார்க்க லட்சணம். ஆனால் எட்டு ஜிபி ரேம்தான், பிறகு கூட்டவும் முடியாது. இன்னொன்றில் முப்பத்திரண்டு ஜிபி, நல்ல பிராசஸர், சூட்டைத் தள்ள இரண்டு விசிறி. தூக்கினால் தோள் இறங்கிவிடும், ஆனால் ஏழெட்டு என்ன, பத்து புரோகிராமையும் மேய்க்கும். கடைக்காரர் முருகேஷுக்குப் போன் போட்டான்.

"அந்தக் கனமானதுதாங்க வேணும். மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

"சட்டுனு வாங்க சார். ஒரே பீஸ்தான் இருக்குது. காலேஜ் பையன் ஒருத்தன் கேம் ஆடறதுக்குக் கேட்டுட்டுப் போயிருக்கான்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை அம்மா அமுதவல்லி வாசலில் மறித்தாள்.

"ஆடி மாசத்துல புதுச் சாமான் எதுவும் வூட்டுக்குள்ள வரக்கூடாது."

"ஆடியிலதாம்மா எல்லாக் கடையிலயும் தள்ளுபடி."

"யாரும் வாங்கமாட்டாங்கன்னுதானே தள்ளுபடி போடறான்?"

"இல்லன்னா வேலையே போயிடும்மா."

"வேலையே போயிடுமா?"

"போயிடும்."

அமுதவல்லி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். தூக்கம் கெட்டுக் கெட்டு அவன் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருப்பையும் பார்த்தாள். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

"சரி, அம்மன்கிட்டயே பூ கேட்டுப் பாத்துடலாம்," என்றான் மாதவராஜ். சொன்ன கையோடு தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. கலந்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. அவ்வளவுதான்.

அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். "ஆனா அம்மன் என்ன சொல்றாளோ அதுதான். அப்புறம் நீயும் மாத்திப் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்."

"சத்தியமா பேசமாட்டம்மா."

பொட்டலத்தை அவனே கட்டினான். பழைய செய்தித்தாளைக் கிழித்து, இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தான். செவ்வரளி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. வேலை போகிற நேரத்தில் சாமியை மட்டும் நம்பி உட்கார அவனுக்குத் துணிச்சல் இல்லை.

கோயிலுக்குப் போன பிறகுதான் அன்று ஆடி வெள்ளி என்பதே உறைத்தது. கூழ்ப் பானையும் வேப்பிலையுமாக ஊரே வரிசையில் நின்றது. போன் அடித்தது.

"சார், அந்தப் பையன் அவங்கப்பாவையே கூட்டிக்கிட்டு வந்துட்டான்," என்றார் முருகேஷ்.

"கொஞ்சம் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க. இதோ வந்துட்டேன்."

முன்னால் கூழ்ப் பானையோடு நின்ற பெண்மணியிடம் குனிந்தான். "அக்கா, கொஞ்சம் அவசரம். முன்னாடி வுடறீங்களா?"

"ஏங்க தம்பி, வூட்ல யாருக்காவது முடியலைங்களா?"

மாதவராஜுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "ரொம்பப் பழசுங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு இருக்குது," என்றான்.

வரிசையே வழிவிட்டது. வழிவிட்டதோடு நிற்காமல், பாவம் என்ன ஆகிறதோ என்று பின்னாலேயே வந்து சூழ்ந்தும் கொண்டது. இத்தனை கண்ணுக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் பூவோடு நிற்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. உள்ளங்கை வேர்த்துப் பொட்டலம் நமுத்தது.

"கேக்கறத வெளிய சொன்னா பலிக்காது. என் காதுல மட்டும் சொல்லுங்க," என்றார் பூசாரி பச்சியப்பன்.

அமுதவல்லி முந்திக்கொண்டு அவர் காதில் சொன்னாள். சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு லேப்டாப்புக்கு இவ்வளவு நேரமா என்று மாதவராஜ் பல்லைக் கடித்தான்.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொன்னையும் பிரிங்க," என்றார் கூழ்ப் பானைப் பெண்மணி. "எங்கூர்ல ரெண்டையும் பிரிச்சுக் காட்டுவாங்க."

பூசாரியின் கை நீண்டது. மாதவராஜின் கை அதற்கு முன் நீண்டது. பொட்டலத்தைப் பொறுக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

"தம்பி, பேப்பரோடவா?"

"பிரசாதங்க," என்று மென்றபடியே சொன்னான். தொண்டையில் சிக்கிய செய்தித்தாளைத் தீர்த்தம் வாங்கி உள்ளே தள்ளினான். ஊரே பக்தியோடு பார்த்தது.

மறுபடியும் போன். "சார், அவங்ககிட்டயே குடுத்துடட்டுங்களா?"

"யாருக்கும் குடுக்காதீங்க. அம்மன் உத்தரவே குடுத்தாச்சு," என்றான் மாதவராஜ். பிழைத்தோம் என்று அவனுக்கு உடம்பே லேசானது. பூசாரி முன் குனிந்தான். "சீக்கிரம் குங்குமம் வெச்சு வுடுங்க சாமி, போய் லேப்டாப்பை எடுக்கணும்."

பச்சியப்பன் அவன் நெற்றியில் அழுத்திக் குங்குமம் வைத்தார்.

"இனிமே உனக்கு அது எதுக்கு சாமி? இந்தக் கம்ப்யூட்டர் வேலைய வுட்டுட்டு எம்மவன் பாலக்கோட்டுல அவன் மாமனோட தக்காளி மண்டிக்குப் போவட்டுமான்னுதானே உங்கம்மா கேட்டாங்க?"