ஸ்டூலுக்கு அடியில் ஒரு குடித்தனம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உன் சௌக்கியத்தையும், அத்தானின் சர்க்கரை அளவையும், மாடி அறைக் கூரை இன்னும் ஒழுகுகிறதா என்பதையும் மறக்காமல் எழுதவும்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கடிதத்துக்குக் கடிதம் ஓதிய புத்தி கடைசியில் என் மண்டையில் ஏறிவிட்டது. சரிவுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் பதவியை நேற்று மாலை ராஜினாமா செய்துவிட்டேன். வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு மாதக் கடைசியில் உன்னோடு வந்து தங்கிவிடுவதாக முடிவு. மாடி அறையில் காயும் துணிகளை எடுத்துவிட்டு எனக்கு ஒரு கட்டில் போட்டு வை.

"உன்னையெல்லாம் யாருடா தலைவராக்கினது?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியிலிருந்து குளம் வரைக்கும் ஒரு சரிவு இறங்குகிறது. மழை பெய்தால் அதன் மண்ணெல்லாம் கரைந்து குளத்துக்குள் போய்விடும். உண்ணிச்செடி புதர் புதராக மண்டி, புல்லை மூச்சுவிட விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. இதை யாரோ வந்து சரிசெய்வார்கள் என்று காத்திருக்காமல் நாமே இறங்குவோம் என்று குடியிருப்புக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கூட்டம் நடந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்ற ஒரே காரணத்துக்காக நானும் போனேன். முதுகு சாயாமல் தூங்குவது என் உத்தியோகம் கற்றுக்கொடுத்த வித்தை என்று உனக்குத் தெரியாதா? லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொத்தானை அமுக்கியே தலை நரைத்தவன் நான். "யாராவது தலைமைப் பொறுப்பை ஏத்துக்கிறீங்களா?" என்று எங்கள் குடியிருப்பின் பல் டாக்டரம்மா கேட்ட நேரத்தில் என் தலை முன்னால் விழுந்து எழுந்திருக்கிறது. கைதட்டல் சத்தத்தில்தான் கண் விழித்தேன். யாருக்கோ பிறந்த நாள் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கூத்து ஆரம்பமாகிவிட்டது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார்; சட்டையை மறந்தாலும் விசிலை மறக்கமாட்டார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "முதல் விசிலுக்குக் குனியணும், அடுத்த விசிலுக்குப் பிடுங்கணும், யாரும் பின்தங்கக் கூடாது!" என்றார். பல் டாக்டரம்மா தன் பங்குக்கு, "வேர் உள்ள நின்னுடக் கூடாது, நின்னா மறுபடி வீங்கும்" என்றார். விசிலுக்கு விசில் நாங்கள் பிடுங்கிய வேகத்தைப் பார்த்திருந்தால் நீயே மெச்சியிருப்பாய். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்க வெறும் மண். டாக்டரம்மா பிடுங்கிப்போட்ட குவியலைக் கிளறி ஒரு செடியை எடுத்தார். அதில் அவரே கட்டிய பச்சைக் கயிறு இருந்தது. முந்தின மழைக்கு அவர் தன் கையால் வைத்த புங்கங்கன்று அது. "நல்ல பல்லைப் பிடுங்கிட்டோம்" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வைத்த கன்றுகள் அத்தனையும் அந்தக் குவியலில்தான் கிடந்தன. எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே! எனக்குத் தெரிந்த வேலை உட்காருவது ஒன்றுதான், அதையே சட்டமாக்கிவிட்டேன். இனிமேல் எந்தச் செடியையும் பிடுங்குவதற்கு முன்னால் அதன் எதிரில் உட்கார்ந்து, அது யார் என்று தெரியும்வரை பார்க்க வேண்டும். வேலை பாதியாகக் குறைந்தது. ஊரில் எங்களுக்கு 'உட்காரும் சங்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், வைக்கட்டும். ஆனால் அக்கா, உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சரிவு என்னவெல்லாம் செய்கிறது தெரியுமா! மேகத்தின் நிழல் தொட்டியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு புல்லாகத் தொட்டுக்கொண்டு குளத்துக்கு இறங்குகிறது. அது மேலே வந்து போகும்போது உடம்பு ஒரு நிமிடம் சிலிர்க்கிறது. டாக்டரம்மா ஏதோ ஒரு கொழுந்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்து உறங்கிப்போவார். நானும் என் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தபடி உறங்கிப்போவேன். கனவில் லிப்டு கதவு திறக்கும். மூன்றாம் மாடி இருக்க வேண்டிய இடத்தில் புல்வெளி இருக்கும், செடிகள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறும். "எந்த மாடிங்க?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "மேலதான்" என்று டாக்டரம்மா பக்கத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னார். நாங்கள் விழித்திருந்த நேரத்தில் வேலையும் நடக்காமல் இல்லை. புதிய கன்றுகள் வேர் பிடித்தன, புல் திரும்பி வந்தது. ஜன்னலே இல்லாத பெட்டிக்குள் ஆயுளைக் கழித்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நான் சந்தோஷமாக இருந்தேன் அக்கா, அதுதான் உண்மை.

அந்த ஸ்டூல்தான் வினையாக முடிந்தது. ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் எனக்கு மாலை போட்டு, இத்தனை காலம் உட்கார்ந்த ஸ்டூலையே பரிசாகக் கொடுத்தனுப்பினார்கள் அல்லவா, அதே ஸ்டூல். ஒரு சாயங்காலம் அதைச் சரிவிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். சில நாள் கழித்துப் போய் எடுக்கக் குனிந்தால், நாலு கால்களுக்கு நடுவே, மண் நிறத்தில் முட்டைகள். ஆள்காட்டிக் குருவி ஒன்று நான் இல்லாத ஸ்டூலின் நிழலில் குடித்தனம் வைத்திருந்தது. மேலே ஏறுகிற ஒரே பாதை அந்த வழியாகத்தான். யார் கால் வைத்தாலும் அது எழுந்து தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அந்த நேரமெல்லாம் முட்டை ஆறிப்போகும். டிரில் மாஸ்டர் விசில் ஊதினால் அதுவும் பதிலுக்கு ஊதும். குஞ்சு பொரிக்கும்வரை யாரும் சரிவில் ஏறக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். உண்ணிச்செடிக்குக் கொண்டாட்டம், அது மறுபடி தழைத்துப் பூவே பூத்துவிட்டது.

இந்த லட்சணத்தில் நகர அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அதிகாரி ஒருவர் வந்து சரிவைப் பார்வையிடுவார், ஒழுங்காகப் பராமரித்திருந்தால் எங்களிடமே விடுவார்கள், இல்லையென்றால் சமப்படுத்திப் பஸ்களை நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். நேற்று அவசரக் கூட்டம். "தலைவரே, உங்க ஸ்டூல், நீங்களே எடுத்துடுங்க. முட்டையைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன? வீடு மாத்தினா அதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?" என்றார் டிரில் மாஸ்டர்.

"அது கூடு மாஸ்டர், லிப்டு இல்ல, இறங்கிட்டு அடுத்ததுல ஏறிக்க" என்றேன்.

"ஒரு குருவிக்காகச் சரிவையே தாரை வார்க்கப் போறீங்களா? குளம் போயிடும், வச்ச கன்னெல்லாம் போயிடும். அந்தக் குருவிக்குமே இடம் இருக்காது!"

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என்னை வாட்டியது. டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சரிவும் வேண்டும், குருவியும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்க இது என்ன குழந்தை விளையாட்டா? "நீங்களே பார்த்துக்கங்க, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். இன்று காலை அதிகாரி வருகிறார். ஸ்டூலை எடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை, அங்கேயே இருக்கட்டும். உன் வீட்டில் நான் உட்கார ஒரு நாற்காலி இருக்கும்தானே?

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, என்னைவிட உயரமான இடங்களுக்குப் போக என் ஆசிகள்.

இப்படிக்கு,
பதவியில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சரிவின் அடிவாரம் வழியாக வந்தேன். இங்கே வர வேறு வழி இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. போய்ப் பார்த்தால் அதிகாரி பளபளக்கும் ஷூவோடு பாதையில் கால் வைக்கிறார், குருவி அவர் தலைக்கு நேராகப் பாய்கிறது. ஸ்டூல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றவர் யார் என்கிறாய், சாட்சாத் டிரில் மாஸ்டர்! "சார், உட்காருங்க சார். நின்னா அது பயப்படும்" என்றார். அதிகாரி சுற்றிலும் பார்த்தார். குழு முழுவதும் களைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. "இதுதான் உங்க வேலையா?" என்று கேட்டார். "ஆமாங்க. முதல்ல பார்க்கிறது, அப்புறம்தான் பிடுங்குறது" என்றார் டாக்டரம்மா. பாவம், மனிதர் எத்தனை இடம் அலைந்து வந்தாரோ, அவரும் உட்கார்ந்தார். குருவி மெதுவாக வந்து முட்டைமேல் அமர்ந்தது. மேகத்தின் நிழல் இறங்கி வந்து அவரைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் அவர் மோவாய் மார்பில் சாய்ந்தது. யாரும் எழுப்பவில்லை. விழித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "குஞ்சு பொரிச்சுப் போற வரைக்கும் இங்க யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு எழுதிடறேன். பஸ் கதையை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கன்னெல்லாம் நல்லா வந்திருக்கே, யார் வச்சது?" என்றார். பிறகு, "சரி, இங்க தலைவர் யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பி, அடிவாரத்தில் கையில் கடிதத்தோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். மாடி அறையில் துணியே காயட்டும் அக்கா. என் தலை ஆடிவிட்டது. இந்தத் தடவை நான் தூங்கவில்லை.