பூனைக்காலிக்கு நான் வைத்த பெயர்

‘எனக்குத் தெரியாது’ என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாற்பது வயது ஆயிற்று. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்பேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். அந்த வியாதி முற்றியிருந்த இருபத்து நான்காவது வயதில் நடந்தது இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் செடிகொடிப் பிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வக்கீல்கள், வாத்தியார்கள், ஒரு டாக்டர் என்று பதினான்கு பேர். மாதம் ஒரு பிரசங்கம். ஆடி மழைக்குப் பிறகு ஒரு தடவையும் தை பிறந்ததும் ஒரு தடவையும் காடுமேடு சுற்றப் போவோம். வழியில் ஒரு பூவைக் கண்டால் போதும், பதினான்கு பேரும் வட்டமாக நின்று குனிந்துகொள்வோம். (தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் யாரோ கிணற்றில் விழுந்துவிட்டதாக எண்ணி ஓடி வந்ததும் உண்டு.)

நான் காரியதரிசி. தலைவர் ஒரு வக்கீல். நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணையத்துக்காரர். அவருக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் கெட்டிக்காரன்தானா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் கண்ணில் படும்படியாகவே கெட்டிக்காரனாக இருந்து வந்தேன்.

அந்தத் தை மாதம் ராசிபுரத்துக்கு அப்பால் மலையடிவாரத்துக்குப் போனோம். வழிகாட்ட வந்தவள் பாவாயி. விறகு வெட்டிப் பிழைக்கிறவள், முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தே செடியைச் சொல்லிவிடுவாள். சேலத்தில் தலைவர் பங்களாவுக்குப் பின்னால் சங்கம் ஒரு மூலிகைத் தோட்டம் போடுவதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அவளையே வைத்து, தங்க ஒரு வீடும் கொடுப்பதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் தலைவர் அதை அறிவிப்பார் என்று நானே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புளியமரத்தடியில் என் பிரசங்கம். கையில் தடியாக ஒரு புத்தகம். அதில் பாதிப் பக்கம் இன்னும் பிரிக்கப்படாமலே ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று புதர்ப்பக்கம் போனேன். ஒரு கொடியில் கொத்துக் கொத்தாகக் காய்கள். பொன்னிறத்தில், மேலெல்லாம் பட்டுப் போல ரோமம். கத்தரிக்கோலை எடுத்தேன்.

பின்னால் வந்த பாவாயி சொன்னாள்: “தொட்றாதீங்க சாமி. அது பூனக்காலிங்க. மேலுல பட்டா அரிச்சே கொன்னு போடுமுங்க.”

அவள் சொன்ன பெயர் நான் படித்த பக்கங்களில் இல்லை. ஆகவே அப்படி ஒரு செடியும் இல்லை.

“இது ஒருவகைக் காட்டு அவரை. உனக்குத் தெரியாது, பேசாமல் இரு” என்றேன். காம்பை நறுக்கி, கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு போனேன். அவள் இன்னொரு தடவையும் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சபையில் அந்தக் காய்க்கு ‘வெல்வெட் அவரை’ என்று அந்த நிமிஷமே பெயர் சூட்டினேன். இயற்கை அன்னையின் நெசவு என்று வர்ணித்தேன். தடவிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். நம்பிக்கை வருவதற்காக நானே ஒன்றைக் கன்னத்தில் ஒற்றிக் காட்டினேன். தலைவர் புறங்கையில் தேய்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு அதைக் கழுத்துச் சால்வையில் செருகிக்கொண்டார். பெண் எனக்குத்தான் என்று தீர்மானமாயிற்று.

முதலில் டாக்டர் மணிக்கட்டைச் சொறிந்தார். அடுத்து இரண்டு வாத்தியார்கள். ஐந்து நிமிஷத்தில் சேலத்தின் படித்த கூட்டம் மொத்தமும் புளியமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வக்கீல் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடைக்கு ஓடினார். தலைவரின் கழுத்து தக்காளியாகச் சிவந்துவிட்டது. என் கன்னம் எரிந்த எரிச்சலில் எனக்குப் பெண்ணும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம் என்றிருந்தது.

பாவாயிதான் ஓடிப்போய் முந்தானை நிறையப் பசுஞ்சாணி கொண்டுவந்தாள். அதைப் பூசிக் காயவிட்டு உரித்தால் ஒட்டிய சுணை ரோமம் அதோடு வந்துவிடும் என்றாள். பூசிக்கொண்டோம். கழுத்து முழுவதும் சாணியோடு, கோர்ட்டில் சாட்சியை விசாரிக்கும் குரலில், தலைவர் கேட்டார்:

“தம்பி, இது இன்னதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவாயி மத்தியானம் சமைத்த அடுப்பின் சாம்பலில் கையைத் தேய்த்தபடி நின்றிருந்தாள்.

“இந்தம்மாதாங்க ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க” என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை; அரிப்பில் கை தானாகப் போவது போல வாய் போய்விட்டது. பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். மறுத்துப் பேசினால் அந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தலைவர் அவளைப் பார்த்து, “நீ ஊட்டுக்குப் போம்மா” என்று மட்டும் சொன்னார். தோட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அதற்கு வேறு ஓர் ஆள் வந்தான். அவனுக்குக் கீழாநெல்லியும் தெரியாது.

எனக்குக் கல்யாணம் நடந்தது. யாரோ சொன்னதை நம்பி மோசம் போன வெள்ளைமனசுக்காரன் என்று மாமனாருக்கு என்மேல் இரக்கம் பிறந்துவிட்டதாம்.

இரண்டு வருஷம் கழித்து ராசிபுரம் சந்தையில் பாவாயியைப் பார்த்தேன். சுண்டைக்காயைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்புவதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“கன்னம் ஆறிப்போச்சுங்களா சாமி?” என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். ஆறிவிட்டது என்றேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. சுண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதை உண்டு. தன் அப்பா சாணிக் கழுத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததை என் மனைவி நடித்துக் காட்டுவாள். பேரன் பேத்திகளுக்கு நான் ‘வெல்வெட் தாத்தா’. கதையின் கடைசியில், “பாவம், அந்தப் பொம்பள பேச்சக் கேட்டுத்தான் இவிய இப்படிப் பண்ணிப்போட்டாங்க” என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நாற்பது வருஷம் நானும் சிரித்தேன்.

போன ஆவணியில் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் எனக்குத் தாங்கவில்லை. அந்த அம்மாள் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள், பொய் சொன்னவன் நான்தான் என்று சபையில் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாரோ எழுந்து இலை போடச் சொன்னார்கள். மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னாள். பழையபடியேதான் சொன்னாள். அப்படிச் சொன்னால்தான் சிரிப்பு வருகிறதாம்.