மே நாலு போட்ட அரைப்பேர்

பதுளை மாவட்டத்திலேயே சீன அரசாங்கத்தின் லீவைக் கேட்ட ஒரே மனிதர் மே நாலுதான். பெற்றவர்கள் வைத்த பேர் தேயிலை ஃபக்டரி ரெஜிஸ்டரில் இருந்தது. தோட்டத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஹல்துமுல்லைக்கு மேலே அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். நான் சேர்ந்த வருஷமே மே நாலாம் தேதி வகுப்புக்குள் வந்து, பதினாலு வயசானவர்களை அரை நாள் விடச் சொன்னார். சீனாவில் இன்று இளைஞர் நாள், பதினாலு வயசிலிருந்து அரை நாள் லீவாம். சீனாக்காரர்கள் தமிழில் பேசும் ரேடியோவில் கேட்டாராம். இது இலங்கை என்றேன். அது தனக்கும் தெரியும் என்றார்.

"மொத உலகச் சண்டை முடிஞ்சதும் பெரியவங்க பாரிசுல கூடி, ஜெர்மன்காரன் புடிச்சு வச்சிருந்த சீனாக்காரன் காணிய ஜப்பான்காரனுக்குக் குடுத்துட்டாங்க சேர். பீக்கிங்குல படிக்கிற புள்ளைங்கதான் இதே நாள்ல ரோட்டுல எறங்கிச்சு. அடுத்தவன் காணியக் குடுக்க இவங்க யாரு?"

பரம்பரையாகத் தேயிலை நட்ட மண்ணில் ஒரு பேர்ச் காணிகூட இல்லாத மனிதர் அவர். அந்த இடத்தில் மட்டும் குரல் தடிக்கும்.

தோட்டத்துத் துரையிடமும் லீவு கேட்டார். சீனாவிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார் துரை. மறுநாளே கடிதம் வந்தது, மே நாலின் கையெழுத்தில், சுத்தத் தமிழில்.

லீவு கிடைக்காததால் தானே பெரட்டு வைத்தார். பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கூட்டம். இவர் பெரட்டு பகல் பன்னிரண்டுக்கு. செக்ரோல் என்ற பழைய பேர்ப்பதிவுப் புத்தகத்தில் தோட்டத்து இளவட்டங்கள் எல்லோரும் இருந்தார்கள். பாதிப் பேர் கொழும்புக் கடைகளிலும் வெளிநாட்டிலும். இன்னும் சிலர், மலை சரிந்து தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தை மூடிய வருஷம் மண்ணுக்குள் போனவர்கள். அதில் முதல் பேர் அவருடைய மகன்.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, பனிமூட்டத்தின் பக்கம் காதைக் கொடுப்பார். உயிரோடு இருப்பவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை. மண்ணுக்குள் போனவர்களுக்கு முழுப்பேர். அவர்கள் பகலோடு வீட்டுக்குப் போகவில்லையே என்பது அவர் நியாயம். முதலில் நான் சிரித்தேன். அவர் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நின்றால் யாருக்கும் சிரிப்பு வராது.

போன வருஷம் பெரட்டில் கொழுந்து எடுக்கும் மாரியாயி வந்து நின்றாள். மகள் செல்வி குவைத்தில் வீட்டு வேலை. நாலு மாசமாகப் போன் கோல் இல்லை.

"எம் புள்ள பேர மட்டும் கூப்புடாதீங்கண்ணே" என்றாள்.

"இருக்கிற பேர விட முடியாது ஆயி."

கூப்பிட்டார். மூட்டம் காலடி வரைக்கும் இறங்கியிருந்தது. காதில் கையை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றார். மாரியாயி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் குனிந்து எழுதினார். அரைப்பேர். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வீண் நம்பிக்கை கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து, எதைக் கேட்டு எழுதினீர்கள் என்றேன்.

"ஒன்னும் கேக்கல சேர். அதான் அரைப்பேரு. உசுரோட இருக்கிறவங்க எங்கயோ வேலையில இருப்பாங்க, அவங்களுக்கு எங்க கேக்கும். மண்ணுக்குள்ள இருக்கிறவங்கதான் பதில் சொல்லுவாங்க. என் மகன் கூப்புட்ட ஒடனே வந்தேன்பான்."

பத்தாம் நாள் செல்வி கோல் எடுத்தாள். வேலை செய்த வீட்டில் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம்.

இந்தத் தை மாசம் மே நாலு நெஞ்சுவலியில் போய்விட்டார். மே நாலாம் தேதி பிள்ளைகளை அரை நாள் விட்டுவிட்டு, செக்ரோலை எடுத்துக்கொண்டு நானே போனேன். அவர் மகனைக் கூப்பிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் முழுப்பேர் போட்டேன். கடைசி வரியில் அவர் பேரையும் எழுதியிருந்தேன். அதை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நிச்சயம் பதில் சொல்லிவிடுவார். அவருக்கு முழுப்பேர் போட எனக்கு மனசு வரவில்லை.